எழுப்பி அமர்த்தும் கைகள்: நலிந்த முதியோர் பராமரிப்புப் பயிற்சியின் வரலாறு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் புதிய மருந்துகளின் வரலாறாகவும் புதிய கருவிகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. பெரியம்மைத் தடுப்பூசி, இன்சுலின், பென்சிலின் என அதன் மைல்கற்களைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆனால், உடல் தளர்ந்து, பிறர் துணையின்றி எழவும் உண்ணவும் இயலாத ஒரு முதியவரின் கட்டிலருகே நின்று அவ்வரலாற்றை நோக்கினால் மைல்கற்கள் வேறாக இருக்கக் காண்கிறோம். படுத்த படுக்கையாகக் கிடப்பவரைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் எனச் செவிலியர் கற்றுக்கொண்டது ஒரு மைல்கல். அவரை எழுப்பி நிற்க வைக்கும் முறையை ஊழியர் பழகிக்கொண்டது மற்றொன்று. அவருடைய மூக்குக் கண்ணாடியை மறவாமல் அணிவிக்க வேண்டும் என அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இன்னொன்று.

நலிவு என்பது முதுமையின் மறுபெயரன்று. எண்பது வயதிலும் திடமாக நடமாடுவோர் உளர். அறுபத்தைந்தில் தளர்ந்து விழுவோரும் உளர். 2001இல் அமெரிக்க மருத்துவ அறிஞர் லிண்டா ஃபிரைடும் அவருடைய குழுவினரும் நலிவுக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர். முயலாமலே உடல் எடை குறைதல், தீராத அயர்ச்சி, கைப்பிடியின் வலுவின்மை, நடையின் வேகம் குறைதல், உடலியக்கம் சுருங்குதல் என்பன அவை. இவற்றில் மூன்றோ அதற்கு மேலோ காணப்பட்டால் அவர் நலிந்தவர் எனக் கொள்ளப்படுகிறார். இத்தகையவருக்கு ஒரு சிறு காய்ச்சலோ, குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுதலோ போதும். மீண்டும் எழ முடியாத நிலைக்குச் சென்றுவிடக்கூடும். அவர் எழுவாரா, படுக்கையோடு முடங்குவாரா என்பதை முடிவு செய்வதில் மருந்துச் சீட்டுக்கு உள்ள பங்கைவிட, அன்றாடம் அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிடும் கைகளுக்கு உள்ள பங்கு பெரும்பாலும் அதிகம். அக்கைகள் எவ்வாறு பயிற்றப்பட்டன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஏடு அறிந்ததும் கை அறிந்ததும்

முதியோருக்கெனத் தனி மருத்துவ ஒழுங்கு வேண்டும் என்னும் எண்ணம் மிகப் பழமையானது. கிரேக்க மருத்துவர் காலன் உடல்நலம் பேணுதல் குறித்த தமது நூலில் முதியோருக்குத் தனிப்பகுதி ஒதுக்கினார். பத்தாம் நூற்றாண்டில் கைரவானில் வாழ்ந்த இப்னு அல்-ஜஸ்ஸார் முதியோர் மருத்துவம் குறித்துத் தனி நூலே இயற்றினார். இப்னு சீனா (980–1037) தமது ‘அல்-கானூன்’ பெருநூலின் முதற்பாகத்தில் முதியோரைப் பேணும் முறைகளை விரித்துரைத்துள்ளார். முதியோரின் உடல் குளிர்ச்சியும் வறட்சியும் மிக்கது என்னும் அக்காலக் கோட்பாட்டின் அடிப்படையில் அவர் எழுதினார். கோட்பாடு காலாவதியாகிவிட்டது. ஆயினும் அதிலிருந்து அவர் வகுத்த நடைமுறைகள், அதாவது இதமாக உடலைப் பிடித்துவிடுதல், ஆற்றலுக்கேற்ற நடை, சிறிது சிறிதாகப் பலவேளை உணவு ஆகியன, இன்றைய முதியோர் மருத்துவருக்கும் அந்நியமானவை அல்ல.

பயிற்சி என்னும் நோக்கிலும் அக்காலம் குறிப்பிடத்தக்கதே. அல்-ராஸி மாணவர் சூழ அமர்ந்திருப்பார் என்றும், நோயாளியை முதலில் வெளிவட்ட மாணவர் பார்ப்பர், அவர்களால் இயலாதபோது அடுத்த வட்டத்தார் பார்ப்பர், இறுதியில் ஆசானே பார்ப்பார் என்றும் இப்னு அல்-நதீம் பதிவு செய்துள்ளார். 1154இல் நூருத்தீன் டமாஸ்கஸில் நிறுவிய பீமாரிஸ்தானில் தலைமை மருத்துவர் பணியாளருடன் நோயாளர் கூடங்களைச் சுற்றிவந்து, பின்னர் மாணவருடன் அமர்ந்து நூல்களை ஆராய்ந்த முறையை இப்னு அபீ உஸைபிஆ விவரிக்கிறார். 1284இல் கெய்ரோவில் எழுந்த மன்ஸூரி பீமாரிஸ்தானில் ஆண் நோயாளருக்கு ஆண் பணியாளரும் பெண் நோயாளருக்குப் பெண் பணியாளரும் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்கான ஊதியம் வக்ஃபிலிருந்து வழங்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணியாளர் இருந்தனர், அவர்களுக்கு ஊதியமும் இருந்தது. ஆனால் நூல்கள் பெரும்பாலும் மருத்துவரை நோக்கியே எழுதப்பட்டன. ஒன்பதாம் நூற்றாண்டில் மருத்துவ ஒழுக்கம் பற்றி எழுதிய அல்-ருஹாவி, நோயாளியின் பணியாளர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் பேசியிருப்பது சிறப்பான விதிவிலக்கு. இவ்விடைவெளி அரபுலகுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அது நீடித்தது. முதுமையைப் பற்றி மருத்துவர் அறிந்திருந்தது ஏட்டில் இருந்தது. முதியவரைத் தொட்டவரோ ஏட்டைக் காணாதவராக இருந்தார்.

வியன்னாவில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய இக்னாஸ் நாஷர் 1909இல் ‘ஜெரியாட்ரிக்ஸ்’ என்னும் சொல்லை உருவாக்கினார். 1914இல் அதே பெயரில் நூலும் வெளியிட்டார். குழந்தை மருத்துவம் தனித்துறையானதுபோல் முதியோர் மருத்துவமும் ஆக வேண்டும் என்பது அவர் வாதம். துறைக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் நோயாளர் கூடத்தில் எதுவும் மாறவில்லை. அதற்கு மேலும் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

ஐல்வர்த்தில் 714 பேர்

பிரித்தானியாவின் ஏழையர் சட்டத்தின்கீழ், ஆதரவற்ற நோயாளிகளும் முதியோரும் பணியில்லங்களோடு இணைந்த நோயாளர் இல்லங்களில் அடைக்கப்பட்டிருந்தனர். 1929ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இந்த இல்லங்களை உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் விட்டது. அதன் தொடர்ச்சியாக 1935இல் லண்டனுக்கு மேற்கே ஐல்வர்த்தில் இருந்த மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை, தன்னை அடுத்திருந்த அத்தகைய இல்லம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்த 714 நோயாளிகளின் பொறுப்பு டாக்டர் மார்ஜரி வாரனிடம் (1897–1960) வந்து சேர்ந்தது.

அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்காதவர்கள். அவர்களுக்கு என்ன நோய் என்பது தெளிவாகப் பதிவாகியிருக்கவில்லை. ‘தீராத நோயாளர்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் பக்கவாதம் வந்தவரும், எலும்பு முறிந்தவரும், மனம் குழம்பியவரும், வீட்டில் பார்ப்பாரின்றி விடப்பட்டவரும் ஒன்றாகக் கிடந்தனர். நீண்டகாலம் அசையாமல் கிடந்ததால் பலருக்கு மூட்டுகள் மடங்கி இறுகியிருந்தன. முதுமையின் இயல்பு எனக் கருதப்பட்ட இத்தகைய கேடுகளில் பல, கிடக்க வைத்ததன் விளைவுகளே. 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்னும் மருத்துவர் இதனையே ஒரு புகழ்பெற்ற கட்டுரையாக எழுதினார். தேவையின்றிப் படுக்கையில் கிடப்பது இரத்த உறைவையும் தசைச் சுருக்கத்தையும் படுக்கைப் புண்ணையும் மலச்சிக்கலையும் மனச்சோர்வையும் தருகிறது என அவர் வரிசைப்படுத்திக் காட்டினார்.

வாரன் முதலில் செய்தது எளிமையானது. ஒவ்வொருவரையும் தனித்தனியே முழுமையாகப் பரிசோதித்தார். பின்னர் அவர்களை ஐந்து வகையாகப் பிரித்தார்: எழுந்து நடமாடக்கூடியவர்; படுக்கையில் இருந்தாலும் சிறுநீர், மலம் அடக்கக்கூடியவர்; அடக்க இயலாதவர்; பிறருக்குத் தொல்லையின்றி அமைதியாக மனம் குழம்பியிருப்பவர்; தனியிடம் தேவைப்படும் அளவுக்கு மனநிலை பிறழ்ந்தவர். ‘கிழடுகள்’ என ஒரே கூட்டமாகப் பார்க்கப் பழகியிருந்த கண்களுக்கு இந்தப் பகுப்பே முதற்பாடமாயிற்று. எந்த முதியவரை எழுப்ப முடியும், எவருக்குக் கழிப்பறைக்குச் செல்லும் பழக்கத்தை மீட்டுத்தர முடியும் என்னும் கேள்விகள் அதன் பின்னரே எழ முடிந்தன.

அடுத்து நோயாளர் கூடங்கள் மாற்றம் கண்டன. சுவர்களுக்கு வெளிர்நிறம் பூசப்பட்டது, விளக்கொளி கூட்டப்பட்டது. இயன்முறை மருத்துவரும் செவிலியரும் மருத்துவரும் ஒரே குழுவாகச் செயற்பட்டனர். பக்கவாதம் வந்தவர் மீண்டும் தாமே உடுத்தவும் நடக்கவும் பயிற்றுவிக்கப்பட்டார். பலர் வீட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ திரும்பினர். தேவைப்பட்ட படுக்கைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மிஞ்சியவை காசநோயாளருக்கு வழங்கப்பட்டன.

வாரனின் சாதனை இத்துடன் நின்றிருந்தால் அது ஒரு தனிமனிதரின் அர்ப்பணிப்பாக மட்டும் நினைவுகூரப்பட்டிருக்கும். அவர் 1943இல் பிரித்தானிய மருத்துவ இதழிலும் 1946இல் ‘லான்செட்’ இதழிலும் எழுதிய கட்டுரைகள் கல்வியைப் பற்றிய வாதங்கள். முதியோர் பிரிவு ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட கட்டடத்தில் இருத்தலாகாது, பொது மருத்துவமனைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். மருத்துவ மாணவரும் பயிற்சிச் செவிலியரும் அங்கு வந்து கற்க வேண்டும் என்பது அதற்கு அவர் காட்டிய முக்கியக் காரணங்களுள் ஒன்று. கற்பவர் கால் வைக்காத கூடத்தில் பராமரிப்பு பழைய வழக்கத்திலேயே உறைந்துவிடும். மாணவர் கேள்வி கேட்கும் கூடத்தில் வழக்கங்கள் தம்மை நியாயப்படுத்தியாக வேண்டும்.

1947இல் முதியோர் மருத்துவருக்கான சங்கம் பிரித்தானியாவில் தோன்றியது. 1948இல் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியபோது முதியோர் மருத்துவமும் அதில் இடம்பெற்றது. 1965இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் முதியோர் மருத்துவத்துக்கான முதற் பேராசிரியர் பதவி உருவாயிற்று.

வழக்கத்தைச் சோதித்த செவிலி

மருத்துவருக்கான கல்வி இவ்வாறு வேரூன்றத் தொடங்கிய காலத்தில், செவிலியரின் அன்றாட வேலையை யார் ஆராய்வது என்னும் கேள்வி எஞ்சியிருந்தது. அதற்கு விடையளித்தவர் ஒரு செவிலியே. லண்டன் விட்டிங்டன் மருத்துவமனையில் டோரீன் நார்ட்டன், ரோடா மக்லாரன், மருத்துவர் எக்ஸ்டன்-ஸ்மித் ஆகியோர் மேற்கொண்ட ஆய்வு 1962இல் நூலாக வெளிவந்தது. மருத்துவமனையில் முதியோரைப் பராமரிப்பதில் எழும் சிக்கல்களே அதன் பொருள். அவற்றுள் முதன்மையானது படுக்கைப் புண்.

அக்காலச் செவிலியர் கல்வியில் முதுகு தேய்த்தல் ஒரு புனிதக் கடமைபோல் கற்பிக்கப்பட்டது. சோப்பு நீராலும் ஸ்பிரிட்டாலும் பலவகைக் களிம்புகளாலும் நோயாளியின் முதுகை நாள்தோறும் தேய்த்துவிட்டால் புண் வராது என்று நம்பினர். புண் வந்தால் செவிலியின் அலட்சியமே காரணம் எனப் பழி சுமத்தினர். நார்ட்டன் குழுவினர் இந்நம்பிக்கையைச் சோதித்தனர். எதைப் பூசினோம் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அழுத்தம் ஓரிடத்தில் நிலைக்காதபடி நோயாளியை முறையாகத் திருப்பிப் படுக்க வைத்ததே புண்ணைத் தடுத்தது எனக் கண்டனர். இதற்கு முந்தைய ஆண்டில் எக்ஸ்டன்-ஸ்மித் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, முதியோர் உறக்கத்தில் எத்தனை முறை தாமாக அசைகின்றனர் என்பதைக் கருவி கொண்டு எண்ணியது. ஓர் இரவில் 20 முறைக்கு மேல் அசையாதவரில் மிகப் பெரும்பாலோருக்குப் புண் வந்தது; 50 முறைக்கு மேல் அசைந்தவருக்கு வரவில்லை. நலமுள்ளவரின் உடல் உறக்கத்திலும் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. நலிந்தவருக்கு அந்தக் காவலை மற்றொருவரின் கை செய்தாக வேண்டும்.

இதிலிருந்தே நார்ட்டன் அளவுகோல் பிறந்தது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், சிறுநீர் மலம் அடக்கும் திறன் ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் வழங்கப்படும். மொத்தம் 20. பெறுவது 14 அல்லது அதற்குக் குறைவாயின் அவர் புண் வரும் அபாயத்தில் உள்ளார். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. புதிதாகப் பணியில் சேர்ந்த செவிலியும் கட்டிலருகே நின்று சில நிமிடங்களில் கணிக்கலாம். புண் வந்தபின் யாரைத் தண்டிப்பது என்னும் கேள்வி, புண் வருமுன் யாரைக் காப்பது என்னும் கேள்வியாக மாறியது.

ஆயினும் ஆய்வு நூல் வெளிவந்ததாலேயே கூடங்கள் யாவும் திருந்திவிடவில்லை. 1967இல் பார்பரா ராப் தொகுத்து வெளியிட்ட நூலொன்று, பிரித்தானிய மருத்துவமனைகள் சிலவற்றில் முதியோர் அவமதிக்கப்பட்டதையும் அடிக்கப்பட்டதையும் செவிலியரின் சாட்சியங்களுடன் வெளிக்கொணர்ந்து பெரும் அதிர்வை உண்டாக்கியது. முதியவரின் கண்ணாடியும் பல்செட்டும் பறித்து வைக்கப்படுவதையும் அது பேசியது. ஆள்பற்றாக்குறையும், மேற்பார்வையின்மையும், மற்றவர் ஏற்க மறுக்கும் வேலை என்னும் இழிவும் சேரும் இடத்தில் கொடுமை இயல்பாகிவிடுகிறது என்பதை வரலாறு அப்போது மீண்டும் காட்டியது.

உடற்கல்வி ஆசிரியர் இருவர்

முதியோர் பராமரிப்புப் பயிற்சியின் அடுத்த பெருந்திருப்பம் மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வந்தது. பிரான்சில் ஈவ் ஜினெஸ்ட், ரொசெத் மாரெஸ்கொட்டி என்னும் உடற்கல்வி ஆசிரியர் இருவர் 1979 முதல் மருத்துவமனை ஊழியருக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினர். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி ஊழியருக்கு முதுகுவலி வருகிறது. அதனைத் தடுக்கும் உத்திகளைக் கற்பிக்க வேண்டும் என்பதே தொடக்க நோக்கம்.

உடலியக்கத்தை நன்கறிந்த அவ்விருவரும் கூடங்களில் கண்டது அவர்களை வியப்பில் ஆழ்த்தியது. நிற்கக்கூடிய முதியவரையும் ஊழியர் படுக்கையிலேயே வைத்துக் குளிப்பாட்டினர். தாமே செய்யக்கூடியதையும் அவருக்காகத் தாம் செய்தனர். விரைவு கருதிச் செய்த இவ்வுதவி முதியவரின் எஞ்சிய வலுவையும் பறித்தது. தூக்க வேண்டியவரின் எண்ணிக்கை அதனாலேயே பெருகியது; ஊழியரின் முதுகும் அதனாலேயே வலித்தது. ஆகவே ‘எவ்வாறு தூக்குவது’ என்னும் கேள்வியை விடுத்து ‘எவ்வாறு தூக்காமல் எழுப்புவது’ என்னும் கேள்வியை அவர்கள் எடுத்துக்கொண்டனர். காலப்போக்கில் ‘ஹ்யூமானிட்யூட்’ எனப் பெயர்பெற்ற பயிற்சிமுறை அதிலிருந்து உருவாயிற்று.

அம்முறைக்குத் தூண்கள் நான்கு: பார்வை, பேச்சு, தொடுகை, நிற்க வைத்தல். ஒவ்வொன்றும் உணர்ச்சிகரமான அறிவுரையாக நின்றுவிடாமல் பழகக்கூடிய உத்தியாகப் பிரித்துக் கற்பிக்கப்படுகிறது. மறதிநோயுற்றவரைப் பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ பார்க்காமல், நேர் எதிரே, அவர் கண்மட்டத்துக்கு இறங்கி, நெருங்கி, சற்று நேரம் பார்க்க வேண்டும். அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டி, காத்திருந்து, மீண்டும் தட்ட வேண்டும். மணிக்கட்டைக் கவ்விப் பிடிக்காமல் உள்ளங்கை விரிய அடியிலிருந்து தாங்க வேண்டும். ஏனெனில் கவ்விப் பிடிக்கப்படுவதை, காரணம் புரியாத மனம் தாக்குதலாகவே உணரும். பதில் பேச இயலாதவரிடம் ஊழியர் விரைவில் மௌனமாகிவிடுவர். அதனை வெல்ல, தம் கை செய்வதையே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்க ஊழியர் பயிற்றப்படுகின்றனர். ‘இப்போது உங்கள் வலக்கையைத் தூக்குகிறேன், வெந்நீரால் துடைக்கிறேன்’ என்பதுபோல அப்பேச்சு அமையும்.

நான்காம் தூணாகிய நிற்க வைத்தலே அவர்களின் சிறப்பான பங்களிப்பு. நாளொன்றுக்கு மொத்தம் 20 நிமிடங்கள் நின்றிருக்க முடிந்தால் பலர் முற்றிலும் படுக்கையாவதைத் தவிர்க்கலாம் என அவர்கள் கற்பிக்கின்றனர். இதற்கெனத் தனிநேரம் ஒதுக்க வேண்டியதில்லை. முகம் கழுவும்போதும் உடை மாற்றும்போதும் நிற்க வைத்தாலே அந்நிமிடங்கள் சேர்ந்துவிடும்.

முதுமையடையும் சமூகங்களில் முன்நிற்கும் ஜப்பான் 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டை நடைமுறைப்படுத்தியது. அங்கே டோக்கியோ மருத்துவ மையத்தின் மருத்துவர் மிவாகோ ஹோண்டா 2012இல் இம்முறையை அறிமுகம் செய்தார். செவிலியரின் பணியை ஒளிப்படக் காட்சியாகப் பதிவு செய்து, அவர்கள் நோயாளியை எத்தனை வினாடி பார்த்தனர், எத்தனை வினாடி பேசினர் என அளந்து அவர்களுக்கே காட்டுவது அங்கு பயிற்சியின் பகுதியாயிற்று. நாம் நோயாளியோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறோம் என நம்புவோருக்கு அந்த அளவை ஓர் ஆசானாக அமைகிறது.

கண்ணாடியும் காதுக்கருவியும்

அமெரிக்காவில் இதே கருத்து எண்களால் மெய்ப்பிக்கப்பட்டது. மருத்துவமனையில் சேர்க்கப்படும் முதியோருக்குத் திடீர் மனக்குழப்பம் ஏற்படுவதுண்டு. முந்தைய நாள் வரை தெளிவாக இருந்தவர் இரவில் எங்கிருக்கிறோம் என்று அறியாமல் பிதற்றுவார். இது முதுமையின் கோளாறு என ஒதுக்கப்பட்டு, பல வேளைகளில் உறக்க மருந்தாலும் கட்டிலோடு கட்டுவதாலும் எதிர்கொள்ளப்பட்டது. யேல் பல்கலைக்கழகத்தின் ஷேரன் இனூயே இதற்கு வேறொரு வழி கண்டார். பயிற்சி பெற்ற ஊழியரும் தன்னார்வலரும் நாள்தோறும் நோயாளியிடம் சென்று இன்று என்ன நாள், எந்த இடம் என நினைவூட்டினர், நடக்க வைத்தனர், தண்ணீர் அருந்தச் செய்தனர், கண்ணாடியையும் காதுக்கருவியையும் அணிவித்தனர், இரவில் மாத்திரைக்குப் பதிலாக வெதுவெதுப்பான பானம் தந்து முதுகை வருடிவிட்டனர். 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 1999இல் வெளியாயிற்று. வழக்கமான பராமரிப்பில் 15 விழுக்காட்டினருக்கு ஏற்பட்ட குழப்பம், இம்முறையில் 9.9 விழுக்காடாகக் குறைந்தது.

பயிற்சியில் மற்றொரு புதுமையும் இந்நாட்டிலிருந்தே பரவியது. பட்ரீசியா மூர் என்னும் இளம் வடிவமைப்பாளர் 1979 முதல் 1982 வரை மூதாட்டி வேடம் பூண்டு, மூட்டுகளைக் கட்டி, காதை அடைத்து, கண்பார்வையை மங்கச் செய்துகொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் நடமாடினார். பின்னர், முதுமையை உடலால் உணரச்செய்யும் கனத்த உடைகளும் மங்கல் கண்ணாடிகளும் தடித்த கையுறைகளும் செவிலியர் கல்லூரிகளின் பயிற்சிக் கருவிகளாயின. கையுறையோடு மாத்திரை உறையைப் பிரிக்கத் திணறும் மாணவி, முதியவரின் தாமதத்தைப் பிடிவாதம் எனக் கொள்வதை நிறுத்துகிறாள். ஆனால் இதற்கோர் எல்லையுண்டு. மாணவி அரைமணியில் அவ்வுடையைக் களைந்துவிடுவாள். முதியவரால் அது முடியாது. இளைய உடலிலிருந்து சட்டென முதுமைக்குள் தள்ளப்படுபவர், அதனைத் திகிலாகவே நினைவில் கொள்ளவும் கூடும். முதியவரோடு உரையாடுதலும் தேர்ந்தவரின் மேற்பார்வையில் பணிபுரிதலும் சேராதபோது வேடம் வேடமாகவே நின்றுவிடும்.

நம் அருகில்

பிரித்தானியாவில் முதியோர் மருத்துவம் பயின்று திரும்பிய டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1988இல் உள்நோயாளர் பிரிவும், 1996இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கான எம்.டி. பட்ட மேற்படிப்பும் தொடங்கின. இவ்வகையில் வாரன் ஏற்றிய விளக்கின் ஒளி தமிழகத்தை நேரடியாகவே வந்தடைந்தது எனலாம். 2010இல் நடுவண் அரசு முதியோர் நலப் பராமரிப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஆனால் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டு மக்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர். அவர்களில் நலிந்தோர் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கின்றனர். அவர்களை எழுப்பி அமர்த்துவது மருமகளோ, மகளோ, அமர்த்தப்பட்ட உதவியாளரோதான். அவர்களுக்கு யார் கற்றுத்தந்தார்கள்?

அண்டை மாநிலத்தில் இதற்கு ஒரு விடை உருவாகியிருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கத்தின் கிளையாக, 2001இல் மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரைக் கொண்ட பராமரிப்பு வலையமைப்பு உருவாயிற்று. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடியவர் தன்னார்வலராகச் சேரலாம். அவருக்கு 16 மணி நேர வகுப்பும், அதன்பின் தேர்ந்தவரின் மேற்பார்வையில் நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் உண்டு. இதன்பின் அவர் செவிலியோடு வீடுகளுக்குச் செல்வார். இது முதியோருக்கு மட்டுமான திட்டமன்று. ஆயினும் நெடுங்காலம் படுக்கையில் இருக்கும் முதியோர் பலர் இதனால் பயனடைந்தனர். 2008இல் கேரள அரசு இதனைத் தழுவித் தனிக்கொள்கையே வகுத்தது. கடைக்காரரும் ஆசிரியரும் மாணவரும் இல்லத்தரசியும் புண்ணுக்குக் கட்டுப்போடவும், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கவும், குறுக்கிடாமல் செவிமடுக்கவும் கற்றுக்கொள்ள முடியும் என்பதை அது நிறுவியது.

இவ்வரலாறு முழுவதிலும் ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. வாரன் பகுத்துப் பார்க்கக் கற்பித்தார். நார்ட்டன் வழக்கத்தை ஐயுறக் கற்பித்தார். பிரெஞ்சு ஆசிரியர்கள் தூக்காமல் எழுப்பக் கற்பித்தனர். மலப்புரத்தார் அக்கல்வியை மருத்துவமனைச் சுவருக்கு வெளியே கொணர்ந்தனர். முதியோரிடம் அன்பு காட்ட வேண்டும் என நாம் ஓயாது வலியுறுத்துகிறோம். அன்பு இருந்தும், மணிக்கட்டைக் கவ்வி இழுக்கும் மகனும், புண் வரும்வரை ஒரே பக்கமாகப் படுக்க வைக்கும் மகளும் நம்மிடையே உண்டு; அவர்களிடம் குறை அன்பில் இல்லை, அறியாமையில் உள்ளது.

ஊருக்கோர் ஆம்புலன்ஸ் வாங்கித்தரும் அறக்கட்டளைகளும், சொந்தமாக மருத்துவமனை நடத்தும் ஜமாஅத்துகளும் நம்மிடையே குறைவல்ல. ஓர் ஆம்புலன்ஸின் விலையில் ஒரு பகுதியைக் கொண்டே, தேர்ந்த செவிலியர் ஒருவரை அமர்த்தி ஊர்ப் பெண்டிருக்கும் இளைஞருக்கும் இப்பயிற்சியை ஆண்டுதோறும் வழங்கிட இயலும். அதற்கு வேண்டியவை ஒரு கூடம், ஒரு கட்டில், கற்க விரும்பும் சிலர். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்புதல், உள்ளங்கையால் தாங்குதல், கண்மட்டத்துக்கு இறங்கிப் பேசுதல், முகம் கழுவும்போது நிற்க வைத்தல் ஆகிய நான்கையும் அவர்கள் கற்றுச் சென்றாலே, அவ்வூரில் படுக்கையில் கிடக்கும் முதியவர் சிலராவது மீண்டும் எழுந்து அமர்வர்.